அருவிச் சத்தத்தில் கேட்ட ஆராய்ச்சித் தலைப்பு

காது கேட்காதவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் வந்ததில்லை. கேட்காமலே "சரி சார்" என்று தலையாட்டுகிறவர்களால்தான் வந்திருக்கிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொல்லவில்லை. நானே அந்த இரண்டாவது ரகம். இருபத்திரண்டு வயதில், குற்றாலம் பேரருவிக்குப் பக்கத்தில், இடுப்பில் ஒரு துண்டோடு நின்றுகொண்டு நான் சொன்ன ஒரே ஒரு "யெஸ் சார்" என்னை எங்கெங்கே இழுத்துக்கொண்டு போனது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ("இதை எழுதித்தான் ஆகணுமாக்கும்?" என்கிறாள் என் மனைவி. ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதை. மீதிப் பாதிக்கும் தெரிந்துவிட்டால் ஒரேயடியாக நிம்மதி.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பாதி அது. சென்னையில் விலங்கியல் ஆனர்ஸ் முடித்துவிட்டு மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். கரப்பான் பூச்சியை அறுத்து அதன் நரம்புகளைப் பிரித்துக் காட்டத் தெரியும். தவளையின் எலும்புகளை வரிசையாக ஒப்பிக்கத் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மேலகரத்தில் என்ன செய்வது என்பதுதான் தெரியாது. அதனால் அடுத்து ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். அதற்கு அப்புறம் 'டாக்டர்' பட்டம் வரும் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் எதிர்வீட்டு அண்ணாச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏலே தம்பி, இந்தப் பிடிப்புக்கு என்னமும் எழுதிக் குடேன்."

நான் தவளை டாக்டராகப் போகிறேன், மனிதர்களுக்குப் பார்க்க மாட்டேன் என்று விளக்கினேன்.

"தவளைக்கு என்னலே நோவு வந்துரப் போவுது?" என்று கேட்டுவிட்டு, வந்த மாதிரியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா தென்காசி ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். கிரயமோ பாகப்பிரிவினையோ, அப்பா எழுதிய பத்திரத்தில் ஒரு எழுத்தைக்கூட எந்த வக்கீலாலும் இழுத்துப் பார்க்க முடியாது என்று வாசுதேவநல்லூர் வரைக்கும் பெயர். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"ஆவணி பிறக்கிற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உன் புரொபசர் உன்னைச் சேத்துக்கிட்டாருன்னா சந்தோசமாப் போ. இல்லேன்னா பேசாம எம்பக்கத்துல ஒரு பாயை விரிச்சு உக்காந்துரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். பாயை எந்தப் பக்கம் விரிப்பது என்று வரைக்கும் அவர் யோசித்து வைத்திருந்தார்.

என் பேராசிரியர் வருஷத்துக்கு ஒரே ஒரு மாணவரைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வார். அந்த வருஷம் நானும், பாலக்காட்டுக்காரர் ஒருவரும் கேட்டிருந்தோம். பாலக்காட்டுக்காரர் ஏற்கெனவே நண்டைப் பற்றி முப்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறார் என்று கேள்வி. எனக்குப் பேராசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சாரலுக்கு மனைவியோடு குற்றாலம் வருவதாகவும், ஒரு மாதம் தங்கப் போவதாகவும், நான் அங்கே வந்து பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார். 'குற்றாலத்தில் உனக்குப் பொருள் கிடைக்கும். அதைப் பற்றி நான்கு பக்கத்தில் ஓர் ஆராய்ச்சித் திட்டம் எழுதிக் கொடு. பார்த்து முடிவு சொல்கிறேன்.'

பொருள் கிடைக்கும் என்றால் என்ன அர்த்தம்? சாதாரண மனிதனுக்கு, "போய்த் தேடு" என்று அர்த்தமாகும். எனக்கு, "நான் தருவேன்" என்று அர்த்தமாயிற்று. அதற்குக் காரணமும் உண்டு. அதுவரைக்கும் படித்த அத்தனை வருஷமும் கேள்வியை வாத்தியார்தான் கொடுத்தார். பதில் மட்டும்தான் என் பொறுப்பு. கேள்வியையும் நானே கொண்டுவர வேண்டும் என்று எவரும் என்னிடம் சொன்னதில்லை.

நான் போன அன்று சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பேராசிரியர் கும்பகோணத்துப் பக்கத்து மனிதர். வேட்டியும் வெள்ளை அரைக்கைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக வாடகை வீட்டு வாசலிலேயே நின்றார். "குளிக்கப் போறேன், நீயும் வா. பேசிண்டே போகலாம்" என்றார். வழியெல்லாம் பேசினார்தான். ஆனால் அருவியில் குளித்தால் மூட்டு வலி போகுமா போகாதா என்பது பற்றியே பேசினார். நான் தலைப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே கூட நடந்தேன்.

பேரருவியில் அன்றைக்குத் தண்ணீர் கொட்டிய கொட்டில், பக்கத்தில் நிற்கிறவர் வாயைத் திறந்து மூடுவதுதான் தெரியும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிற கூட்டம் தண்ணீருக்கு இந்தப் பக்கம், குளிக்கிற கூட்டம் அந்தப் பக்கம். பேராசிரியர் துண்டைக் கட்டிக்கொண்டு அருவியை நோக்கிப் போனவர், சட்டென்று திரும்பி என் காதுக்குப் பக்கத்தில் வந்து ஏதோ கத்தினார்.

என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "…ட்டைய… பாத்து…"

அப்படிச் சொல்லிக்கொண்டே ஓரத்துப் பாறையைச் சுட்டிக் காட்டினார். பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தலைப்பு! ஏதோ ஒரு பிராணி. பாறையில் இருக்கிறது. கண்ணால் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

"யெஸ் சார்!" என்று கத்தினேன்.

அவர் ஏதோ கேட்பது போல் கையைத் திருப்பிக் காட்டினார். நிச்சயமா, புரிந்ததா என்று கேட்கிறார்.

"நல்லாப் புரிஞ்சுது சார்!"

அவர் திருப்தியோடு அருவிக்குள் நுழைந்தார். நானும் சந்தோஷம் தாங்காமல் அவர் பின்னாலேயே நுழைந்து, தலையில் தண்ணீர் மொத்த மொத்த அரைமணி நேரம் நின்றேன். அவ்வளவு நேரமும் என் தலைக்குள் 'ட்டை, ட்டை' என்றே கேட்டுக்கொண்டிருந்தது.

குளித்து முடித்துத் திரும்பும்போது பேராசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெற்று மார்போடு, எங்கேயோ பார்த்தபடி நடந்தார். வழியில் இரண்டு தடவை கல்லில் இடறினார். ஒரு தடவை எதிரே வந்த மாட்டுவண்டிக்கு வழி விடாமல் நேராகப் போகப் பார்த்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். பெரிய மூளைகள் யோசிக்கும்போது இப்படித்தான் இருக்கும்போல என்று எனக்குப் பக்தி கூடிவிட்டது. வீட்டு வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"பத்து நாள் தரேன். எழுதிண்டு வா. பொறுப்புன்னு ஒண்ணு உனக்கு இருக்கான்னு அதிலாவது பாக்கறேன்."

'அதிலாவது' என்ற சொல்லை நான் அன்றைக்கே கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், பேராசிரியரே என்னைத் தனியாக அழைத்துப் போய்த் தலைப்புக் கொடுத்துவிட்டார் என்று அறிவித்தேன்.

அப்பா முகத்தில்கூட ஒரு மரியாதை வந்தது. "என்ன தலைப்புலே?"

"அதை இப்பச் சொல்லக் கூடாதுப்பா. ஆராய்ச்சியில இதெல்லாம் ரகசியம்."

அப்பா ஒப்புக்கொண்டார். பத்திரம் பதிவாகும் வரைக்கும் அவரும் வாய் திறக்க மாட்டார். ஆனால் எங்கள் மதினி (அண்ணன் மனைவி, அச்சன்புதூர்க்காரி) இட்லிக்கு மாவாட்டிக்கொண்டே என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா அந்தப் பக்கம் போனதும் கேட்டாள்:

"என்ன கொழுந்தனாரே, தலைப்பு ரகசியமா, இல்ல உங்களுக்கே தெரியாதா?"

அவளிடம் மறைத்து ஜெயித்தவர் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. உள்ளதைச் சொன்னேன்.

"திரும்பப் போய்க் கேட்டா என்னவாம்?"

"'யெஸ் சார்'னும் 'நல்லாப் புரிஞ்சுது'ன்னும் சொல்லிட்டேனே மதினி."

"சரியாப் போச்சு" என்று ஆட்டுரல் குழவியை நிறுத்தினாள். "ட்டை, ட்டைன்னா என்னல்லாம் இருக்கு? முட்டை. அட்டை. மரவட்டை. கட்டை."

"கட்டைக்கு உயிர் இல்லை மதினி."

"எழுதப் போறவுகளுக்கு இருக்கோ?"

நான் 'தலைப்பிரட்டை' என்று சேர்த்தேன். தவளைக் குஞ்சு. பாறை ஓரத்துத் தண்ணீரில் நிறைய உண்டு. ஆக நான்கு: முட்டை, அட்டை, மரவட்டை, தலைப்பிரட்டை. செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதையில் சாரல் காலத்தில் அட்டை கால் வைக்க விடாது. மரவட்டைகளும் ஈரப் பாறையெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்கும். முட்டை என்றால் யார் முட்டை என்று வேறு குழப்பம். ஒரு நாள் அட்டைதான் என்று நிச்சயமாகத் தோன்றும். படுத்து எழுந்தால் மரவட்டை. அவர் கையைக் காட்டியபோது விரல் வளைந்திருந்தது. மரவட்டை சுருண்டுகொள்ளும் அல்லவா? இல்லை, நேராக இருந்ததா? அட்டை நீளுமே! இப்படி நான்கு நாள் போயிற்று. காகிதத்தில் என் பெயரைத் தவிர ஒன்றும் ஏறவில்லை.

ஐந்தாம் நாள் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெற்றுக் காகிதத்தைப் பார்த்தார்.

"எழுத வரலையாலே?"

"விஷயம் இருக்குப்பா. பேரு… பேரை எழுதக் கூடாது. அதான் எப்படி எழுதுறதுன்னு…"

அப்பாவின் கண் பளிச்சென்றது. வாழ்நாளில் முதல் தடவையாக நான் அவர் தொழிலுக்குள் வந்திருக்கிறேன். "இதுக்கா நாலு நாளா முழிக்கே? 'மேற்படி'ன்னு போடுலே. மேற்படி உயிரினம். கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்தினாலும் நிக்கும். அப்புறம் எந்த எடத்துல ஆராய்ச்சி? நாலு எல்லையும் சொல்லு. எல்லை இல்லாத பத்திரம் செல்லாது."

அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதினேன். மூன்று நாளில் நான்கு பக்கம் நிறைந்துவிட்டது. எழுதி முடித்ததைத் திரும்பப் படித்தபோது, இதில் தப்பு என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாதே என்று பெருமையாக இருந்தது. எதுவுமே சொல்லாத எழுத்தில் தப்பு எப்படி இருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மதினிக்குத்தான் திருப்தி இல்லை. "பேரைக் கேட்டா என்ன சொல்லுவிய?" என்றாள். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். "நாலையும் உசிரோட பிடிச்சு ஒவ்வொரு ஏனத்துல கொண்டு போங்க. ஒவ்வொண்ணாத் தொறந்து காட்டுங்க. எதைப் பாத்து அவருக்கு முகம் மலருதோ, அதான் மேற்படி."

இவ்வளவு தெளிவான யோசனையை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றே செண்பகாதேவிப் பாதையில் ஏறினேன். மரவட்டைகளைத் தகர டப்பாவிலும், தலைப்பிரட்டைகளைத் தூக்குவாளியிலும், தவளை முட்டையை ஒரு டம்ளரிலும் எடுத்துக்கொண்டேன். அட்டைகளைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவை என்னைப் பிடித்தன. காலில் இருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மதினி கொடுத்த ஜாடியில் போட்டு மூடினேன். வீட்டுக்கு வந்து திறந்தால் இருபத்தைந்து அட்டையும் செத்துக் கிடந்தன. அது ஊறுகாய் ஜாடி. ஓரமெல்லாம் உப்பு.

"அட்டைக்கு உப்புப் பட்டாப் போச்சுன்னு எங்க அச்சன்புதூர்ல மாடுகூடச் சொல்லும்" என்றாள் மதினி. "ஆனர்சுல அது வரலையாக்கும்?"

மறுநாள் மறுபடியும் ஏறினேன். இந்தத் தடவை அகல வாய்க் கண்ணாடிப் புட்டி. காற்றுப் போக வேண்டுமே என்று வாயில் மெல்லிய மல் துணியைக் கட்டினேன். அட்டை என்பது ஊசித் துளையில் நுழைகிற மாதிரி இளைக்கும், பிறகு ஊதும் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அந்த விஷயம் பரீட்சைத் தாளோடு போய்விட்டது.

பத்தாம் நாள் காலை. புட்டி, டப்பா, தூக்குவாளி, டம்ளர் எல்லாவற்றையும் ஒரு பிரம்புக் கூடையில் வைத்து, மேலே வேட்டித் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் முன்கூடத்தில் பிரம்பு நாற்காலியில், புத்தம் புதிதாக மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணைச் சுருக்கி, "யாரு?" என்றார். நான்தான் என்று சொன்னதும் முகம் இறுகியது. கூடையை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் பவ்வியமாக வைத்தேன். அவர் மனைவி எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்கள்.

"நீயே வாசி" என்றார் பேராசிரியர். "என்னால இப்போ எதையும் வாசிக்க முடியாது."

வாசித்தேன். ஆங்கிலத்தில் வாசித்ததை இங்கே தமிழில் தருகிறேன்.

"மேற்படி உயிரினமானது, கிழக்கே மேலகரம் ரஸ்தா, மேற்கே மலை, வடக்கே சித்தாறு, தெற்கே பழைய குற்றாலம் போகும் பாதை, ஆகிய இந்த நான்கெல்லைக்குள் யாதொரு வில்லங்கமும் இன்றி வசித்து வருகிறது. மேற்படி உயிரினம் ஆகாரம் உட்கொள்ளும். மேற்படி உயிரினத்துக்குக் கால்கள் இருப்பின் அவை எண்ணப்படும். இல்லாதிருப்பின், இல்லை என்று குறிக்கப்படும். மேற்படி உயிரினம் முட்டையாகவே இருக்கும் பட்சத்தில்…"

"நிறுத்து" என்றார். "எந்த உயிரினம்?"

"தாங்கள் சொன்னதுதான் சார்."

"நான் எப்போ சொன்னேன்?"

"அருவியில சார்."

"அருவியிலயா? அருவியில நான் என்ன சொன்னேன்?"

இதுதான் சமயம் என்று கூடையைத் திறந்தேன். முதலில் அட்டைப் புட்டியை எடுத்தேன். துணி கட்டினபடியே இருந்தது. புட்டிதான் காலியாக இருந்தது.

 கூடையைப் பார்த்தேன். கூடை விளிம்பைப் பார்த்தேன். அங்கே வரிசையாக, மெல்லிசான கறுப்புக் கயிறு போல, எழுந்து நின்று தலையை ஆட்டி ஆட்டி வாசனை பிடித்துக்கொண்டிருந்தவை பாதிதான். மீதிப் பாதி ஏற்கெனவே பேராசிரியரின் நாற்காலிக் காலில் ஏறிவிட்டிருந்தன. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்துத் தடவி, கையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கை சிவப்பாக இருந்தது. புதுச் சட்டையின் தோளில் வட்டமாக ஒரு சிவப்பு பரவிக்கொண்டிருந்தது.

"இதென்னப்பா!"

"அட்டை சார்."

"எதுக்கு என் வீட்டுக்கு அட்டையைக் கொண்டுவந்தே?"

"நீங்கதானே சார் அட்டையைப் பாருன்னு…"

 பேராசிரியர் கத்தினார் பாருங்கள், அன்றைக்கு அப்படிக் கத்தியிருந்தால் அருவியையும் மீறி எனக்கு நன்றாகக் கேட்டிருக்கும்:

"அட்டை இல்லைடா! சட்டை! என் சட்டையைப் பாத்துக்கோன்னேன்! பாறை மேல வச்சிருக்கேன், குரங்கு இருக்கு, பாத்துக்கோன்னேன்! ரெண்டு தடவை தலையாட்டிட்டு என் பின்னாடியே அருவிக்குள்ள நுழைஞ்சியே! என் மூக்குக் கண்ணாடி அந்தச் சட்டைப் பையில இருந்தது!"

"குரங்கு மரத்து மேல உக்காந்து அந்தச் சட்டையை உதறிண்டிருந்ததாம்" என்றார்கள் அவர் மனைவி, நிலையைப் பிடித்துக்கொண்டு. "கண்ணாடி இல்லாததால இவருக்கு அது குரங்குன்னே தெரியலை. யாரோ வெள்ளைச் சட்டைக்காரர் மரத்துல இருந்து தன்னைக் கூப்பிடறார்னு இவரும் கையை ஆட்டியிருக்கார்." அவ்வளவுதான் அவர்களால் சொல்ல முடிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்கள். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் விட்டு விட்டு வந்தது.

நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். அழுகை வந்தது என்று சொல்லலாம். ஆனால் அதைவிடக் குழப்பம்தான் அதிகம் வந்தது. ஆவணி தெரிந்தது. அப்பா பக்கத்தில் பாய் தெரிந்தது. அந்தத் தரையில் அட்டைகளும் தெரிந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றவன், என்னை அறியாமல் ஒன்று கேட்டுவிட்டேன்.

"ஏன் சார், எல்லாம் உங்ககிட்டயே வருது?"

"என்ன?"

"நானும் பக்கத்துலதான் நிக்கேன். காலெல்லாம் வெறுங்காலு. ஒண்ணுகூட என்கிட்ட வரல சார். எல்லாம் உங்க பக்கம் திரும்பிருச்சு."

அவர் திட்டத்தான் எழுந்தார். எழுந்து கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்று, "பொறுப்பில்லாத…" என்று ஆரம்பித்தார். தரையில் இருந்த அட்டைகள் நின்றன. எழுந்து தலையை ஆட்டின. அந்தக் கோடியைப் பார்த்துத் திரும்பின.

பேராசிரியர் வாயை மூடினார். அட்டைகள் தடுமாறின. அவர் கண்ணைச் சுருக்கிக் குனிந்து பார்த்தார். "ஏய்" என்று ஒரு சத்தம் போட்டார். திரும்பின. நாற்காலிக்கு இந்தப் பக்கம் வந்து, "ஏய்" என்றார். மறுபடியும் திரும்பின.

"நீ கத்து" என்றார் என்னிடம்.

"என்னன்னு சார்?"

"எதையாவது கத்து!"

"யெஸ் சார்!" என்று கத்தினேன். (வேறென்ன வரும்?) இரண்டு அட்டைகள் என் பக்கம் தலையைத் தூக்கின.

அதற்கப்புறம் அங்கே நடந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் இருவரையும் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். பேராசிரியர் தரையில் மண்டியிட்டு, மூக்கைத் தரையில் தேய்க்காத குறையாக, அட்டையின் மேல் மூச்சு விட்டுப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை மட்டும் நீட்டிப் பார்த்தார். தரையைத் தட்டிப் பார்த்தார். வெந்நீர்ச் செம்பைக் கொண்டுவரச் சொல்லி வைத்துப் பார்த்தார். கண் தெரியாததால், "இப்போ எந்தப் பக்கம்? இப்போ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவர் பக்கத்தில் முழங்காலிட்டு, "கிழக்க சார், வடக்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி பாதிச் சிரிப்பில் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு முக்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, ஒன்றின் மேல் தான் ஏறி நின்றுகொண்டார்கள். தூக்குவாளியைத் தட்டிவிட்டதில் தலைப்பிரட்டைகள் கூடமெல்லாம் நெளிந்தன. மரவட்டைகள் எங்கே போயின என்று அந்த வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான் பின்னால் தெரிந்திருக்கும்.

கடைசியில் பேராசிரியர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டை முழுக்கச் சிவப்புப் புள்ளி.

"மூச்சா, சூடா, அதிர்வா? எதை வச்சுக் கண்டுபிடிக்கறது?"

"தெரியலயே சார்."

"எனக்கும் தெரியலை" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. ஏதோ பலகாரத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு என் நான்கு பக்கங்களையும் எடுத்து, இரண்டாக மடித்து, அதைக்கொண்டு ஒரு அட்டையை வாரி எடுத்துக் கூடையில் போட்டார். "இது செல்லாது. ரெண்டு நாள்ல வேற எழுதிண்டு வா. ஒரு பக்கம் போதும். தெரியாததைத் தெரியாதுன்னு எழுது. உயிரினத்துக்குப் பேரு போடு."

நான் பதில் சொல்வதற்கு முன், அவர் விரலை நீட்டினார்.

"இப்போ நான் என்ன சொன்னேன், சொல்லு."

முழுசாகத் திருப்பிச் சொன்ன பிறகுதான் என்னை விட்டார்.

இரண்டு நாளில் ஒரு பக்கம் எழுதினேன். அதில் 'தெரியவில்லை' என்று ஏழு இடத்தில் வந்தது. அப்பா படித்துப் பார்த்துவிட்டு, "எல்லையும் இல்லை, ஒண்ணும் இல்லை. இதை எவன்லே பதிவு பண்ணுவான்?" என்று வருத்தப்பட்டார். பேராசிரியர் பதிவு பண்ணினார். பாலக்காட்டுக்காரருக்கு வேறொரு பேராசிரியரிடம் இடம் கிடைத்தது. பின்னாளில் அவர் என்னைவிடப் பெரிய ஆளாக வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மூன்று சாரல் காலம் செண்பகாதேவிப் பாதையில் காலைக் கொடுத்து ஆய்வேட்டை முடித்தேன். என்னோடு இருந்த அவ்வளவு வருஷமும் பேராசிரியர் என் எதிரில் சட்டையைக் கழற்றவே இல்லை.

வீட்டுக்கு இந்தக் கதை அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மதினி ஒரு வாரம் சிரித்தாள். அப்பா மட்டும், தன் நான்கு பக்கத்தைப் புரொபசர் அட்டையை அள்ளப் பயன்படுத்தினார் என்பதைக் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை.

பல வருஷம் கழித்து எனக்குப் பெண் பிறந்தது. என்ன பெயர் வைப்பது என்பதில் என் வீட்டாருக்கும் மாமனார் வீட்டாருக்கும் ஒரு மாதம் இழுபறி. மதினி தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "பேரு முடிவாகுற வரைக்கும் புள்ளையை எப்படிக் கூப்பிட? மேற்படின்னே கூப்பிடுவோம்" என்றாள். பிறகு பெயர் வைத்தோம்; நல்ல பெயர்தான், பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில் இருக்கிறது. வீட்டில் அந்தப் பெயரை யாரும் ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. "ஏட்டி மேற்படி, சாப்பிட வா" என்றுதான் அவள் வளர்ந்தாள். சின்ன வயதில் அதற்காக அழுதிருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை அச்சானபோது, பெயரைச் சரிபார்க்கத் தானே அச்சாபீசுக்கு நேரில் போய் நின்றாள்.

இப்போது அவளும் ஒரு கல்லூரியில் விலங்கியல்தான் சொல்லிக்கொடுக்கிறாள். போன வாரம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தன்னிடம் ஆராய்ச்சிக்கு ஒரு பெண் வந்திருப்பதாகவும், ஆறு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருப்பதாகவும், அதில் எந்தப் பிராணியைப் பற்றி என்று இரண்டு தடவை படித்தும் தனக்குப் பிடிபடவில்லை என்றும் எழுதியிருந்தாள். அந்தப் பெண்ணிடம் என்ன கேட்டாலும் "சரி மேடம்" என்கிறாளாம். என்ன செய்யட்டும் என்று கேட்டு, கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள்:

'இப்படிக்கு, மேற்படி.'